காலைத் தேய்த்து நடப்பவன்

உங்களுக்குத் தோளா, கழுத்தா தம்பி? தோளுங்களா. தோளுன்னா பரவால்லைங்க, உக்காந்து எந்திரிக்கறதுக்குத் தோள் வேண்டியதில்லை. எனக்கு முட்டி. பாத்ரூம்ல வழுக்கினது. ஆட்டம் ஆடி வந்த வலி இல்லைங்க, அதை முதல்லயே சொல்லிப்போடறேன். இங்க வர்றவங்க எல்லாரும் வயசாச்சு வயசாச்சுன்னே பேசறாங்க. அந்த பிசியோ பொண்ணு வேற, உங்க வயசுக்கு இது நல்ல முட்டிதான் சார்ங்குது. முட்டிக்கு என்னங்க தனியா ஒரு வயசு?

அந்த டிவியைப் பாருங்க. டென்னிஸ் பாப்பீங்களா? இல்லையா. பரவால்லை, நான் சொல்றனுங்க. அந்த வெள்ளைத் தொப்பிக்காரன் இருக்கறானே, ஒரு காலத்துல உலகத்தையே அடிச்சுப் போட்டவன். எதிர்ல ஆடற பையன், இவன் முதல் கோப்பை வாங்கினப்போ பொறந்தே இருக்க மாட்டான். அவன் இவனை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓட உடறான் பாருங்க. தொடையில கட்டு, முழங்கையில பட்டை. நடுவுல நடுவுல ஒருத்தர் ஓடி வந்து காலைத் தேச்சு உடறாரு. கருமம். இன்னொரு அரை மணி நேரத்துல தோப்பான். தோத்துட்டுப் போறப்ப மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு கை தட்டும். தோத்தவனுக்கு எதுக்குங்க கைதட்டு? இவனும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, அடுத்த வருசமும் வர்றேன்னுட்டுப் போவான். சீ. பாக்கவே அருவருப்பா இருக்குதுங்க.

ஜெயிச்சவன் ஜெயிச்ச அன்னைக்கே போயிரோணும். கோப்பையை வாங்கினமா, நாலு பேருக்கு ஒரு கும்பிடு போட்டமா, ஊடு வந்து சேந்தமான்னு இருக்கோணும். நான் சொல்றது நாயந்தானுங்களே?

இதை டிவியைப் பாத்துட்டுச் சும்மா பேசறேன்னு நினைக்காதீங்க. இந்தக் கண்றாவியைப் பக்கத்துலயே நின்னு பாத்தவன் நான். எங்க பொள்ளாச்சி டென்னிஸ் கிளப்புல சென்னியப்பன்னு ஒருத்தன் இருக்கறான். தேங்கா மண்டி வெச்சிருக்கறான். அந்தக் காலத்துல மாநிலத்துக்கே சாம்பியன். கிளப் ஹாலுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா நேரா அவன் போட்டோதான், கை நிறையக் கோப்பையோட, தலை நிறைய முடியோட. இப்ப அந்த முடியும் இல்லை. அவனும் நானும் டபுள்ஸ் ஜோடிங்க. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியிருந்தே ஜோடி. நான் பஞ்சு புரோக்கரா இருந்தவன், பேரு தெய்வசிகாமணி. அவன் அடிக்கறவன், நான் நின்னு தாங்கறவன். அடிக்கறவனுக்குத்தான் போட்டோ மாட்டுவாங்க. அது கிடக்கட்டும்.

ஒரு நாலஞ்சு வருசமாவே அவனுக்கு முடியலைங்க. அது எனக்கு மட்டுந்தான் தெரியும். எப்படித் தெரியும்னு கேளுங்க.

எங்க கிளப்புல நடுவர் கிடுவரெல்லாம் கிடையாது. பந்து எந்தப் பக்கம் உளுகுதோ, அந்தப் பக்கத்துக்காரங்கதான் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு சொல்லோணும். எல்லாம் மரியாதைப்பட்ட மனுசங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. அதுவும் எங்களுது செம்மண் கோர்ட்டு. பந்து உளுந்த எடத்துல பொட்டு வெச்ச மாதிரி தடம் உளுகும். சந்தேகம்னா போய்ப் பாத்துக்கலாம்.

இவன் என்ன பண்ணுவான் தெரியுங்களா? ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதிர்ல ஆடறவங்க ரெண்டு பேரையும் அப்படியே ஓரமாத் தள்ளிட்டுப் போவான். தோள்மேல கையைப் போட்டுக்கிட்டு என்னமோ குசுகுசும்பான். அவங்களும் என்னை ஒருக்காத் திரும்பிப் பாத்துட்டு, சரிங்க சரிங்கன்னு தலையை ஆட்டுவாங்க. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. பிச்சை கேக்கறான். கொஞ்சம் பாத்து ஆடுங்க, என் பந்து வெளிய போனாலும் உள்ளன்னு சொல்லிருங்கன்னு கெஞ்சறான். மாநில சாம்பியன். தூ.

அடுத்தது அவன் காலு. டென்னிஸ்ல ஒரு கேம் உட்டு ஒரு கேம் பக்கம் மாறோணும், நாங்க அங்க போகோணும், அவங்க இங்க வரோணும். அப்ப இவன் எனக்கு முன்னாடியே விறுவிறுன்னு போயிருவான். போயி, பின்கோட்டோரமா அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குக் காலைத் தேச்சுத் தேச்சு நடப்பான். செருப்புப் போட்டு மண்ணை வழிச்ச மாதிரி இருக்கும் அந்த எடம். ஏண்டா இப்படி நடக்கறேன்னு ஒருக்காக் கேட்டனுங்க. இடுப்புல புடிப்பு மாப்ளேன்னான். புடிப்பு இருக்கறவன் ஊட்ல கிடக்க வேண்டியதுதானே?

என் பந்து மட்டும் அன்னைக்கு எப்படி அடிச்சனோ அதே மாதிரி இன்னைக்கும் உளுகுதுங்க. ஆழமா, பின்கோட்டுல உக்காரும். ஒருத்தனும் வெளியன்னு சொன்னதில்லை. கேட்டுப் பாருங்க கிளப்புல. நாலஞ்சு வருசமா என் பந்து ஒண்ணுகூட வெளிய போனதா யாரும் சொன்னதில்லைங்க.

ஊட்ல என் சம்சாரம் வசந்தாமணிகிட்டப் பொலம்புவேன். இந்தச் சென்னியப்பனுக்கு வெக்கமே இல்லை, இன்னும் எதுக்கு வந்து நிக்கறான்னு. அவ கீரை ஆஞ்சுட்டே, அவரு நிறுத்திட்டா நீங்க யாருகூட ஆடுவீங்கன்னா. எனக்கா ஆள் இல்லை? நல்ல ஆட்டக்காரனுக்கு ஜோடியா கிடைக்காதுன்னு கேட்டேன். அவ கீரைத்தண்டை முறிச்சுட்டே இருந்தா.

கடைசியில நான்தான் ஒரு வழி கண்டுபுடிச்சேன். நம்மூர்ல ஒருத்தனை மனசு நோகாம அனுப்பி வெக்கறதுக்கு ஒரே வழிதானுங்களே, பாராட்டு விழா. மேடையில ஏத்தி, பொன்னாடையைப் போத்தி, அன்னாரது சேவைன்னு நாலு பேர் பேசிட்டாங்கன்னா மறுநாள் வெடியால ராக்கெட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க முடியுங்களா? வாத்தியாருக்கு, ஆபீசருக்கு, கட்சிக்காரனுக்கு, எல்லாருக்கும் அதுதானே பண்றோம். நேரா கிளப் தலைவர்கிட்டப் போனேன். டாக்டர் மயில்சாமி, குழந்தைகளுக்கு வைத்தியம் பாக்கறவரு. இந்த வருசப் போட்டி முடியற அன்னைக்கே வெச்சிரலாமுங்கன்னேன். மனுசன் எந்திரிச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. நாங்களே இதை எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம இருந்தோமுங்க, நீங்களே வந்து சொல்லிட்டீங்க, பெரிய மனசுன்னாரு. அப்பறம், பொன்னாடைக்கு உங்களுக்கு எந்தக் கலர் புடிக்கும்னு கேட்டாரு. பச்சைன்னேன். என் ரசனைமேல அவருக்கு எப்பவுமே ஒரு மதிப்பு.

இருங்க, ஒரு நிமிசம். டிவியைப் பாருங்க, உளுந்துட்டான். வழுக்கி உளுந்துட்டானுங்க. கையை ஊனி எந்திரிக்கறான். போடா, ஊட்டுக்குப் போடா. இதைக் காசு குடுத்து வேற பாக்கறாங்க.

எங்க உட்டேன்? ஆங், போட்டி. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேலானவங்க பிரிவுல நாங்க ஃபைனலுக்கு வந்துட்டோமுங்க. எப்படின்னு கேக்காதீங்க, ஒருத்தன் தாங்கினா இன்னொருத்தன் அடிக்க முடியும், அவ்வளவுதான். எதிர்ல ஒரு பல்லு டாக்டரும் ஒரு பேங்க் மேனேஜரும். ரெண்டு பேரும் நல்ல பசங்க. இந்த வருசம் ஃபைனலுக்கு மட்டும் புதுசா ஒண்ணு பண்ணியிருந்தாங்க. காலேஜ்ல படிக்கற பொண்ணுகளைக் கூட்டியாந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்தாங்க. பந்து வெளிய போனா அந்தப் பொண்ணு கையை நீட்டோணும். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசந்தான். இன்னைக்கு மாட்டினான் சென்னியப்பன், பொன்னாடைக்கு முன்னாடியே வண்டவாளம் வெளிய வரும்னு நினைச்சனுங்க. அவனும் மொகம் வெளுத்துத்தான் நின்னான். தலைவர்கிட்டப் போயி, இந்தப் பொண்ணுகளெல்லாம் எதுக்குங்க, எப்பவும்போல நாங்களே சொல்லிக்கறமேன்னு கெஞ்சிப் பாத்தான். அவரு முடியாதுன்னுட்டாரு.

முதல் பந்து. நான் அடிச்சேன். எப்பவும்போல ஆழமா. அந்த மூலையில உக்காந்திருந்த பொண்ணு கையை நீட்டிருச்சு, அவுட்டுன்னு. சரி, புதுப் பொண்ணு, பழக்கமில்லைன்னு உட்டனுங்க. ரெண்டாவதும் அவுட்டு. அப்பறம் ஒண்ணு. நான் நெட்டைச் சுத்திட்டு அந்தப் பக்கம் போனேன். அம்மிணி, தடத்தைக் காட்டுன்னேன். அது எந்திரிச்சு வந்து காட்டுச்சு. கோட்டுக்கு வெளிய ஒரு சாண் தள்ளி இருந்துச்சு. இது நேத்தைய பந்தோட தடம்மான்னேன். அதுக்கு அந்தப் பொண்ணு, இல்லைங்க அங்கிள், வெடியாலதான் தண்ணி தெளிச்சுக் கோர்ட்டை உருட்டினாங்கங்குது. படிக்கற பொண்ணு இப்படிப் பெரியவங்ககிட்ட வாயாடலாமுங்களா?

இதுல ஒரு கூத்தைக் கேளுங்க. சென்னியப்பன் பந்து ஒண்ணுகூட வெளிய போகலைங்க. ஒண்ணுகூட. அப்படியே கோட்டுமேல, கோட்டுக்கு ஒரு விரல் உள்ள. பொண்ணுக கையைக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு. அதுககிட்டயும் சொல்லி வெச்சுட்டான் போலன்னுதான் எனக்குத் தோணுச்சு.

பக்கம் மாறோணும். இவன் வழக்கம்போல எனக்கு முன்னாடி ஓடறான். ஓடிப்போயி, பின்கோட்டோரமா அந்தக் காலைத் தேச்சுட்டு நடக்க ஆரம்பிச்சான். அந்தப் பொண்ணு நாற்காலியிலிருந்து எந்திரிச்சு நின்னுக்கிச்சு.

"அங்கிள், தடத்தை அழிக்காதீங்க. அந்த அங்கிள் மறுபடியும் வந்து கேட்டா நான் எதைக் காட்டறது?"

அவன் அப்படியே நின்னுட்டான். ஒத்தைக் கால் மண்ணுல பாதி தேச்சபடியே நிக்குது. அதுக்குள்ள நானும் போய்ச் சேந்துட்டேன். கோட்டுக்கு வெளிய வரிசையாத் தடம். ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒண்ணு. பல்லு டாக்டர் தண்ணி பாட்டிலைத் திருகிட்டு இருக்கறாரு. பேங்க்காரர் ராக்கெட் நரம்பைப் பாக்கறாரு.

"மண்ணு ஈரம் மாப்ளே. பந்து வழுக்கித் தடம் நீளுது"ன்னான் சென்னியப்பன். என் மொகத்தைப் பாக்காமயே சொன்னான்.

ஈரந்தான். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா இவன் எனக்காக அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சண்டை போடோணுமா இல்லையா? இத்தனை வருச ஜோடி. போடலைங்க. காலைத் தூக்கிட்டுப் போயி அவன் எடத்துல நின்னுக்கிட்டான். அதுக்கப்பறம் நான் ஒவ்வொரு பந்தையும் கிட்டத்துலயே அடிச்சேன், கோட்டுக்கு ரொம்ப உள்ள. அப்படி அடிச்சா எவனுக்கும் சுலபமுங்க. தோத்துட்டோம்.

குழாயடியில மொகம் கழுவிட்டிருக்கறப்ப அந்தப் பல்லு டாக்டர் வந்தாரு. சார், மனசுல வெச்சுக்காதீங்க, சென்னியப்பன் சார் எங்ககிட்டக் கேட்டதெல்லாம் ஒருநாளும் அவருக்காக இல்லைங்க சார்ன்னாரு. அப்பறம் யாருக்காகன்னு நான் கேக்கலை. எதுக்குக் கேக்கோணும்? இத்தனை வருசமா எங்ககிட்டத் தோத்தவங்க, இப்ப ஒருக்கா ஜெயிச்சதும் அதுக்கு ஒரு கதை சொல்றாங்க. மூஞ்சியைத் துடைச்சுட்டு வந்துட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் பொழுதோட விழா. கிளப் முன்னாடி சாமியானா போட்டு, மைக்செட் வெச்சு, ஊட்டுப் பொம்பளைகளெல்லாம் வந்திருந்தாங்க. வசந்தாமணி பட்டுச்சேலை கட்டியிருந்தா. சென்னியப்பனுக்கு விழான்னா இவ எதுக்குப் பட்டுச்சேலை கட்டறான்னு அப்பவே நான் யோசிச்சிருக்கோணும். தலைவர் பேசினாரு, சென்னியப்பனைக் கூப்புட்டாரு. இவன் அந்த மேடைப் படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினானுங்க. அந்தப் புடிப்பு எங்க போச்சு, அந்தக் காலு எங்க போச்சுன்னு நான் பாத்துட்டே இருக்கேன். நாடகக்காரன். இவனுக்குச் செவப்புப் பொன்னாடை. போத்தினதும் மைக்கைப் புடிச்சான்.

"இன்னையோட போட்டியில ஆடறதை நிறுத்திக்கறேனுங்க"ன்னான். எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. அப்பாடா, இப்பவாச்சும் புத்தி வந்துச்சேன்னு. அதோட எறங்கியிருந்தா மனுசன். எறங்கலை. "நாங்க ஜோடியா வந்தோமுங்க. ஜோடியாவே போறோம். தெய்வசிகாமணி இல்லாம எனக்கு ஆட்டமில்லை"ன்னுட்டான்.

தலைவர் பின்னாடியிருந்து ஒரு தட்டை எடுத்தாரு. தட்டுல பச்சைப் பொன்னாடை.

என்னை ஒரு வார்த்தை கேட்டானுங்களா? நான் நிறுத்தறேன்னு நான் சொல்லோணுமா, அவன் சொல்லோணுமா? வசந்தாமணி முதுகுல கையை வெச்சுத் தள்றா, போங்க போங்கன்னு. எந்திரிச்சுப் போனேன். அந்த மேடைப் படியிலதான் முட்டி புடிச்சுக்கிச்சு. ஆமா, பாத்ரூம்ல வழுக்கினதுதான், அது படியில புடிச்சுக்கிச்சு. சென்னியப்பன் வந்து கையைக் குடுத்தான். உதறிட்டு நானே ஏறினேன். பொன்னாடையைப் போத்தினாங்க. அப்ப பாருங்க, மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுது. நாற்காலியெல்லாம் சத்தம் போடுது. அந்தக் காலேஜ் பொண்ணுககூட நின்னு தட்டுதுங்க. நான் அன்னைக்குக் காலையில தோத்தவன். எனக்கு அழுகை வந்துருச்சு தம்பி. கோவத்துல.

அதுக்கப்பறம் நான் கிளப் பக்கமே போகலை. ராக்கெட்டைப் பரண்மேல போட்டுட்டேன். ஊட்ல உக்காந்துட்டு என்னங்க பண்றது? பேப்பர் ஏழு மணிக்கே முடிஞ்சு போகுது. வசந்தாமணி ஒரு பக்கம் துணி மடிச்சா நான் மறு பக்கம் நின்னு, இப்படி மடி அப்படி மடின்னு சொல்லிட்டிருந்தேன். அவளே ஒருநாள் கும்பிட்டுட்டா. வெசனமாத்தான் இருந்துச்சுங்க, இல்லைன்னு சொல்லலை. சென்னியப்பன் போன் பண்ணுவான், எடுக்க மாட்டேன். ஊட்டுக்கு வந்தான்னா கொல்லைப்பக்கம் போயிருவேன்.

முந்தாநாள் வந்தான். வசந்தாமணி கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டா, போக வழியில்லை. எதிர்ல உக்காந்து காபி குடிச்சான். அப்பறம், ஞாயித்துக்கிழமை வெடியால கோர்ட்டுல யாரும் இருக்க மாட்டாங்க, நீயும் நானும் மட்டும் ஆடலாம் வான்னான். மேடையில நிறுத்திட்டேன்னு சொன்ன வாயிதானேடான்னேன். போட்டியைத்தான் நிறுத்தினேன், உன்னையா நிறுத்தினேன்னான். வெக்கங்கெட்டவன். பொன்னாடை போத்தின மனுசன் பேசற பேச்சுங்களா இது? நாலு பேர் பாத்தாச் சிரிக்க மாட்டாங்க?

சரி, பந்து உள்ளயா வெளியயான்னு யாரு சொல்றதுன்னு கேட்டேன்.

"உன் பக்கமும் நீயே சொல்லு, என் பக்கமும் நீயே சொல்லு. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி"ன்னான்.

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோவம் இருக்குதே. அந்தக் காபி டம்ளரை எடுத்து வீசிரலாம்னு இருந்துச்சு. வர்றேன்னு சொன்னேன். ஆனா ஒரு கண்டிசன்னேன்.

"பக்கம் மாறறப்ப நீ காலைத் தூக்கி நடக்கோணும்."

அவன் தலையைக் குனிஞ்சுட்டான். சரி மாப்ளேன்னான். அவ்வளவுதான் பேச்சு.

அதுக்குத்தான் இந்த முட்டிக்குக் கரண்ட் வெச்சுக்க வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள மடங்கி நிமுந்தாப் போதும். அட, அங்க பாருங்க, நான் சொன்னேன்ல, தோத்துட்டான். கூட்டம் எந்திரிச்சு நிக்குது பாருங்க. தட்டறாங்க. தட்டட்டும் போங்க. உள்ள பிசியோ பொண்ணு என் பேரைக் கூப்புடுது. அந்தக் கையைக் கொஞ்சம் குடுங்க தம்பி, எந்திரிச்சுக்கறேன். அதில்லைங்க, நோகாத கையைக் குடுங்க.